அடுப்பு எரிகிறது, வெப்பமானி அசையவில்லை: வீட்டுச் சமையலறையில் மறைவெப்பம் அளப்பது எப்படி?

அக்காவின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். புதிதாக வாங்கிய டிஜிட்டல் வெப்பமானியை அதற்குள் விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவள், "மாமா, இது பழுதாப் போச்சு போல. நூறுக்கு மேல போகுதே இல்லை" என்றாள். அடுப்பை இன்னும் கூட்டினாள். தண்ணீர் துள்ளியது. எண் நின்ற இடத்திலேயே நின்றது.

வெப்பமானியில் பழுது ஒன்றும் இல்லை. கொதிக்கத் தொடங்கிய பிறகு தண்ணீருக்குள் போகும் வெப்பம் முழுவதும் அதை ஆவியாக்கவே செலவாகிறது. சூட்டைக் கூட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. பனிக்கட்டி உருகும்போதும் இதே கதைதான். இப்படி வெப்பநிலையில் முகம் காட்டாமல் உள்ளே போகும் வெப்பத்துக்குத்தான் மறைவெப்பம் என்று பெயர். இணையத்தில் தேடிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இது 'உள்ளுறை வெப்பம்'. வெப்பத்தை அளக்கும் அலகான நம்முடைய யூல் அங்கே ஜூல், நம்முடைய திணிவு அங்கே நிறை. பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றுதான்.

வெப்பமானி சொல்லாததைத் தராசு சொல்லும். எவ்வளவு பனிக்கட்டி உருகியது, எவ்வளவு தண்ணீர் பறந்தது என்று நிறுத்துப் பார்த்தால் காணாமல்போன வெப்பம் கணக்கில் அகப்பட்டுவிடும். கீழே சொல்லும் அளவீடுகள் எல்லாம் இந்த ஒரே உத்தியில் நடப்பவை. ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு காலைப்பொழுது போதும்.

முதலில் சாமான்கள்

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, பத்தில் ஒரு பாகை காட்டும் சமையல் வெப்பமானி ஒன்று. இரண்டும் புறக்கோட்டைக் கடைகளில் கிடைக்கும். விசாரித்து, பேரம் பேசி வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது, அது 35 பாகைக்கும் 42 பாகைக்கும் இடையில்தான் வேலை செய்யும். பழைய பாதரச வெப்பமானி வீட்டில் இருந்தால் அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். உடைந்தால் பெரிய கரைச்சல்.

ஒன்றுக்குள் ஒன்று வைத்த இரண்டு ரெஜிபோம் கப்புகள் நல்ல கலோரிமானி, அதாவது வெப்பம் அளக்கும் பாத்திரம். பள்ளிக்கூடத்தில் செப்புக் கலோரிமானி தருவார்கள். அது குடிக்கும் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரெஜிபோம் அவ்வளவு இலேசு, அதை மறந்துவிடலாம். ரெஜிபோம் இல்லையென்றால் வாயகன்ற தேமோஸ் குவளை. அப்புறம் ஒரு பருத்தித் துணி, மூடியுள்ள ஒரு சட்டி, நேரம் பார்க்கக் கைத்தொலைபேசி.

அளக்கத் தொடங்குமுன் வெப்பமானியைச் சோதியுங்கள். இதை விட்டுவிட்டுப் பின்னால் விடை பிழைத்தால் எங்கே பிழை என்று கண்டுபிடிக்கவே முடியாது. நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதில் விடுங்கள்: பூச்சியம் காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள்: கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் 100ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். நுவரெலியாவில் இருப்பவர்கள் 100ஐ எதிர்பார்க்க வேண்டாம்; 1868 மீற்றர் உயரத்தில் காற்றின் அமுக்கம் குறைவு, அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பனிக்கட்டியில் உங்கள் வெப்பமானி 1 பாகை காட்டினால் அந்தப் பக்க வாசிப்புகளில் எல்லாம் 1ஐக் கழியுங்கள், அவ்வளவுதான்.

இந்தச் சோதனையே ஒரு பரிசோதனையும் கூட. பனிக்கட்டிக் கலவையை மேசையில் வைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை வாசிப்பை எழுதுங்கள். சுற்றிலும் 30, 31 பாகைச் சூடு. ஆனாலும் கடைசித் துண்டு கரையும்வரை எண் பூச்சியத்தை விட்டு நகராது. கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது முக்கியம். சும்மா விட்டால் அடியில் 3, 4 பாகைத் தண்ணீர் தங்கும். தண்ணீர் 4 பாகையில்தான் மிகவும் அடர்த்தி, அதனால் அது கீழே போய்விடும்.

பனிக்கட்டி: பொறுமை வேண்டியது இங்கேதான்

இந்த வெப்பத்தை முதலில் முறையாக அளந்தவர் ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தார். ஒன்றில் பனிக்கட்டி, மற்றதில் உறைநிலைக்குச் சற்று மேலே நின்ற தண்ணீர். இரண்டையும் ஒரு பெரிய மண்டபத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் 33இலிருந்து 40க்கு, 7 பரனைற் பாகை ஏற அரை மணித்தியாலம் எடுத்தது (பரனைற் அளவில் உறைநிலை 32). பனிக்கட்டிக் குடுவை உருகி அதே 40 பரனைற் பாகைக்கு வர பத்தரை மணித்தியாலம், அதாவது 21 அரை மணித்தியாலங்கள். 21ஐ 7ஆல் பெருக்கி, உருகிய தண்ணீர் சூடேறிய 8 பாகையைக் கழித்தால் 139. பனிக்கட்டியை உருக்க மட்டும் போன வெப்பம், அதே தண்ணீரை 139 பரனைற் பாகை சூடேற்றப் போதுமானது! இன்றைய மதிப்பு 144. அடுப்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. மண்டபத்துக் காற்றையே சீரான அடுப்பாக வைத்துக்கொண்டார்.

நாம் கலவை முறையில் போவோம். படிகள் இவை.

1. காலிக் கப்பை நிறுங்கள். அதில் 300 கிராம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரின் சூடு அறை வெப்பநிலையைவிட 5 பாகை அளவு கூட இருக்கட்டும். அறை 31 என்றால் தண்ணீர் 36.

2. பனிக்கட்டியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் போடாதீர்கள். அது சுமார் மறை 18 (−18) பாகையில் இருக்கும். ஒரு தட்டில் வைத்து, மேற்பரப்பு நனைந்து வழுக்கத் தொடங்கும்வரை காத்திருங்கள். அப்போதுதான் அது பூச்சியத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

3. துண்டைத் துணியால் ஒற்றி, விரல் படாமல் கப்பில் போட்டுக் கலக்குங்கள். அது கரைந்ததும் அடுத்தது. ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம்.

4. வெப்பநிலை 25ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். எல்லாம் கரைந்தபின் கண்ட மிகக் குறைந்த வாசிப்பை எழுதிவிட்டு மறுபடி நிறுங்கள். கூடிய எடைதான் பனிக்கட்டி.

எங்களுக்குக் கிடைத்தது: தண்ணீர் 300 கிராம், 36.0இலிருந்து 25.0 பாகைக்கு இறங்கியது, பனிக்கட்டி 32 கிராம். ஒரு கிராம் தண்ணீர் ஒரு பாகை மாற 4.2 யூல். ஆகவே தண்ணீர் இழந்தது 300 × 4.2 × 11 = 13,860 யூல். அதில் உருகிவந்த 32 கிராம் தண்ணீர் பூச்சியத்திலிருந்து 25க்கு ஏறச் செலவானது 32 × 4.2 × 25 = 3,360 யூல். மிச்சம் 10,500 யூல் உருக்கப் போயிருக்கிறது. 32ஆல் வகுத்தால் கிராமுக்கு 328 யூல். புத்தக மதிப்பு 334. ஞாயிற்றுக்கிழமைச் சமையலறைக்கு மோசமில்லை.

புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது அந்த 3,360ஐத்தான். உருகிய தண்ணீரும் சூடேற வேண்டும் என்பதை விட்டுவிட்டால் விடை 433 என்று வந்து நிற்கும். அடுத்தது நிறுவை: இங்கே ஒரு கிராம் பிழைத்தாலும் விடை 14 யூல் அளவு ஆடும். ஈரத்தைத் துடைக்காவிட்டால் ஏற்கனவே உருகிய தண்ணீரையும் பனிக்கட்டி என்று எண்ணுகிறோம், விடை குறையும். பிரிட்ஜிலிருந்து நேராகப் போட்டால், பூச்சியத்துக்கு வரவே கிராமுக்கு 38 யூல் அளவு கேட்கும், விடை கூடும்.

சரி, ஏன் 36இல் தொடங்கி 25இல் நிறுத்தினோம்? பாதி நேரம் கப் அறையைவிடச் சூடு, மீதி நேரம் அறையைவிடக் குளிர். முதலில் வெளியே போகும் வெப்பத்தைப் பின்னால் உள்ளே வரும் வெப்பம் ஏறத்தாழ ஈடுசெய்துவிடும். இன்னும் ஏன் கீழே போகவில்லை என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அது கொழும்புக்கே உரிய தொல்லை. பின்னால் போத்தலோடு வருகிறேன்.

கொதித்தல்: காஸ் அடுப்பின் வலு தெரியாமலே

மின் கேத்தலின் அடியில் வாற்று எண் அச்சிட்டிருக்கும். அதை வைத்துச் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் நீராவி பட்டதும் கேத்தல் தானாக அணைந்துவிடும். ஆளியைக் கையால் அழுத்திப் பிடித்துக் கொதிக்கவிடுவது ஆபத்து, செய்யாதீர்கள். காஸ் அடுப்பே மேல். அதன் வலு எவ்வளவு என்று தெரிய வேண்டியதில்லை, சுவாலை மாறாமல் இருந்தால் சரி. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

சட்டியில் 800 கிராம் தண்ணீர் எடுத்து, மூடியோடு சேர்த்து நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு நடுத்தரச் சுவாலையில் ஏற்றுங்கள். இதற்குப் பிறகு அடுப்புத் திருகைத் தொடக்கூடாது. மின்விசிறியையும் நிறுத்துங்கள். 40 பாகையிலிருந்து 90 பாகைக்குப் போக எத்தனை செக்கன் என்று பாருங்கள். நன்றாகக் கொதிக்கத் தொடங்கியதும் நேரத்தை மறுபடி பூச்சியத்திலிருந்து எண்ணுங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் அடுப்பை அணைத்து உடனே மூடுங்கள். ஆறியபிறகு மூடியோடு நிறுங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் துளிகளும் இன்னும் சட்டியின் கணக்குத்தான், தட்டி ஊற்றிவிடாதீர்கள்.

எங்கள் சட்டியில் 50 பாகை ஏற 160 செக்கன் பிடித்தது. 800 × 4.2 × 50 = 1,68,000 யூல்; செக்கனுக்கு 1,050 யூல். பத்து நிமிடத்தில் 6,30,000 யூல் போயிருக்கும். பறந்த தண்ணீர் 285 கிராம். வகுத்தால் கிராமுக்கு 2,210 யூல். சரியான மதிப்பு 2,257.

மருமகள் கைதட்டினாள். நான் கொஞ்சம் அடக்கித்தான் வாசித்தேன். இதில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று இழுத்துப்பிடித்துக் கொண்டிருக்கின்றன. சட்டியின் அலுமினியமும் சூடேறும்போது வெப்பம் குடித்தது. அதை எண்ணாததால் அடுப்பின் வலுவைக் குறைத்து மதித்தோம், விடை குறையும். கொதிக்கும்போது சட்டி காற்றுக்கு இழப்பதோ சூடேறும்போது இழந்ததைவிடக் கூட. அதனால் விடை கூடும். உங்கள் வீட்டில் இந்தக் கயிறிழுப்பில் எது வெல்லும் என்பது சட்டியைப் பொறுத்தது. 2,000க்கும் 2,500க்கும் நடுவில் வந்தால் திருப்திப்படுங்கள்.

இந்த முறையும் பிளாக்கினுடையதுதான். அவர் தகரப் பாத்திரத்தில் 50 பரனைற் பாகைத் தண்ணீரை வைத்து நெருப்பில் ஏற்றினார். நான்கு நிமிடத்தில் கொதித்தது. முழுக்க வற்ற மேலும் இருபது நிமிடம். 50இலிருந்து கொதிநிலையான 212க்கு 162 பாகை ஏற நான்கு நிமிடம் என்றால் இருபது நிமிடத்துக்கு 810 பரனைற் பாகை. நம் அலகில் கிராமுக்கு 1,890 யூல் வருகிறது. அவரைவிட நாம் கிட்டவாக வந்துவிட்டோம் என்று மருமகளுக்குப் பெருமை. டிஜிட்டல் வெப்பமானியும் கைத்தொலைபேசியும் அவரிடம் இல்லை என்று நினைவூட்டினேன்.

உருகலுக்கு 334, ஆவியாதலுக்கு 2,257. ஏறத்தாழ ஏழு மடங்கு. உருகும்போது மூலக்கூறுகள் ஒன்றின் பிடியிலிருந்து ஒன்று கொஞ்சம் நழுவுகின்றன, அவ்வளவுதான். அக்கம்பக்கம் விட்டு ஓடிப்போவதில்லை. ஆவியாகும்போது பிடியை முழுக்க அறுத்துக்கொண்டு போக வேண்டும். அத்தோடு ஒரு கிராம் தண்ணீர் 1.67 லீற்றர் நீராவியாக விரிகிறது; அந்த இடத்தில் இருந்த காற்றைத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலுக்குப் போவது 2,257இல் சுமார் 170 மட்டுமே. மற்றதெல்லாம் பிடியை அறுக்கத்தான். இரண்டு சந்தர்ப்பத்திலும் மூலக்கூறுகளின் ஓட்டம் வேகமாவதில்லை, அதனால்தான் வெப்பமானிக்குச் சேதி போவதில்லை.

பரீட்சையில் அடிக்கடி வரும் கணக்கை இங்கேயே பார்த்துவிடலாம். மறை 10 பாகையில் உள்ள 1 கிலோ பனிக்கட்டியை 100 பாகை நீராவியாக்க எவ்வளவு? பூச்சியத்துக்கு வர 21 கிலோயூல், உருக 334, நூறுக்கு ஏற 420, ஆவியாக 2,257. மொத்தம் 3,032. நான்கில் மூன்று பங்கு கடைசிப் படிக்கே போய்விட்டது. நிலை மாறும் இடத்தில் வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்க வேண்டாம். அங்கே வித்தியாசமே இல்லை. திணிவு × தன் மறைவெப்பம் (ஒரு கிலோவுக்கு உரிய மறைவெப்பம்), அது போதும்.

வியர்க்கும் போத்தல்

இப்போது அந்தக் கொழும்புத் தொல்லை. பிரிட்ஜிலிருந்து மூடிய அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, தராசில் வையுங்கள். எடையை எழுதுங்கள். தொடாமல் இருபது நிமிடம் விடுங்கள். மூடிய போத்தல், எதுவும் ஊற்றவில்லை, ஆனால் எடை கூடும்! எங்களுக்கு 3 கிராம் கூடியது. காற்றில் இருந்த நீராவி போத்தலில் படிந்து பனியானது.

ஆவியாகும்போது வாங்கிய கடனை ஒடுங்கும்போது திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். சாதாரண வெப்பநிலையில் அந்தக் கடன் இன்னும் கூட, கிராமுக்கு 2,430 யூல் அளவு. 3 கிராமுக்கு 7,290 யூல். போத்தலில் உள்ள 500 கிராம் தண்ணீரை அது மட்டுமே மூன்றரைப் பாகை சூடேற்றும். குளிர்ந்த போத்தல் வியர்க்கிறது என்று சொல்வோம் அல்லவா; உண்மையில் வியர்க்க வியர்க்க அது சூடாகிறது. நம் உடலுக்கு நேர்மாறு.

கொழும்புக் காற்றில் ஆண்டின் பெரும்பகுதியில் பனிபடுநிலை 24, 25 பாகையை ஒட்டி இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனி படியும். சில்வர் பேணியில் பனிக்கட்டிப் பரிசோதனை செய்து 15 பாகைவரை இறக்கினீர்களானால், வெளியே படியும் ஒவ்வொரு கிராம் பனியும் உள்ளே 7 கிராம் பனிக்கட்டியை உருக்கப் போதுமான வெப்பத்தைத் தரும். தராசும் அந்தப் பனியைப் பனிக்கட்டி என்று எண்ணும். விடை எங்கோ போய்விடும். குளிர்நாட்டுப் பரிசோதனைக் குறிப்புகளை இணையத்தில் பார்த்து அப்படியே செய்பவர்கள் இங்கே இடறுவது இந்த இடத்தில்தான். 25இல் நிறுத்தச் சொன்னது இதற்காக.

இனிச் சமையலறைக்கு

இடியப்பத் தட்டுக்கும் நீத்துப்பெட்டிக்கும் கீழே கொதிக்கும் தண்ணீரும் 100 பாகை, மேலே வரும் ஆவியும் 100 பாகை. மாவில் ஒடுங்கும் ஒவ்வொரு கிராம் ஆவியும் 2,257 யூலைக் கொட்டிவிட்டுத்தான் தண்ணீராகிறது, அதனால்தான் அவ்வளவு கெதியாக அவிகிறது. கையில் பட்டாலும் இதே கணக்குத்தான். ஒரு கிராம் கொதிநீர் 37 பாகைக்கு ஆறும்போது 265 யூல் தரும். ஒரு கிராம் நீராவி 2,500க்கும் மேலே. மூடியை எப்போதும் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறவுங்கள்.

பருப்பு கொதிக்கத் தொடங்கியபிறகு அடுப்பைக் கூட்டி வைப்பதில் பயனில்லை. பருப்பு 100 பாகையில்தான் வேகும். மிச்ச வெப்பம் தண்ணீரைப் பறக்கவிடும். காஸின் வெப்பத்தில் பாதி சட்டிக்குப் போவதாக வைத்துக்கொண்டால், ஒரு லீற்றர் தண்ணீரை வீணே வற்றவைக்க ஏறத்தாழ 100 கிராம் காஸ். 12.5 கிலோச் சிலிண்டர் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேசிக்காய்ச் சாறுக்கு ஐஸ்தண்ணீர் ஊற்றுவதா, ஐஸ் போடுவதா? பூச்சியப் பாகைத் தண்ணீர் ஒரு கிராம் 10 பாகைக்கு ஏற 42 யூல் வாங்கும். அதே பனிக்கட்டி உருகவே 334. ஐஸ்தான்.

ஏசி பெட்டியில் மணித்தியாலத்துக்கு 12,000 பிடியூ என்று எழுதியிருப்பதும் பனிக்கட்டிக் கணக்கே. பிடியூ என்பது ஓர் இறாத்தல் தண்ணீரை ஒரு பரனைற் பாகை சூடேற்றும் வெப்பம். இயந்திரக் குளிரூட்டல் வந்த காலத்தில் அதன் வலுவைச் சொல்ல, ஒரு நாளில் எத்தனை தொன் பனிக்கட்டி உருகுவதற்கு அது சமம் என்று கேட்டார்கள். அமெரிக்கத் தொன் 2,000 இறாத்தல். ஓர் இறாத்தலை உருக்க 144 பிடியூ. பெருக்கி 24 மணித்தியாலத்தால் வகுத்தால் அச்சொட்டாக 12,000. 'ஒரு டன் ஏசி' என்று கடைக்காரர் சொல்வது பெட்டியின் எடையை அல்ல.

இதைக் கேட்டதும் மருமகள் நேராகப் பல்கனிக்குப் போய் ஏசிக் குழாயின் கீழ் வாளி ஒன்றை வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை ஐந்து லீற்றர் நின்றது. அறைக் காற்றிலிருந்து ஒடுங்கிய ஐந்தாயிரம் கிராம். ஏசியின் வேலையில் எவ்வளவு அறையைக் குளிராக்கப் போகாமல் இந்த வாளியை நிரப்பப் போனது என்று பார்க்க, 2,430ஆல் பெருக்கும் வேலையை அவளிடமே விட்டேன்.